கறிவேப்பிலைத் தொட்டியில் காபி வாசனை

ஜூன் 3, திங்கள்

தமயந்திக்கு வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல். நேற்று சாயங்காலம் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தாள். ஐந்து வாரத்துக்கு மாவுக்கட்டு. கையில் ஈரம் படக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடுப்படிப் பக்கம் போகவே கூடாது. டாக்டர் இதையெல்லாம் அவளைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னவோ நான்தான் படியில் தண்ணீர் ஊற்றி வைத்தவன் மாதிரி.

புனேயிலிருந்து மகன் பேசினான். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னான். ஆள் எதற்கு? மதியச் சாப்பாடு தெருமுனை மெஸ்ஸிலிருந்து கேரியரில் வந்துவிடும். இட்லி, தோசை நானே ஊற்றிவிடுவேன். காபி ஒன்றுதான் பாக்கி. முப்பத்தாறு வருடம் ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு டிக்கெட் பரிசோதித்தவனுக்கு ஒரு ஃபில்டர் காபி பெரிய காரியமா?

நாளை முதல் காபி என் பொறுப்பு. தினமும் என்ன செய்தேன், என்ன வந்தது என்று இந்த டைரியில் குறிக்கப் போகிறேன். எழுதி வைத்தால்தான் தப்பு எங்கே என்று பிடிபடும்.

ஜூன் 4, செவ்வாய்

இறங்கவில்லை.

மூன்று கரண்டி பொடி. அதன் மேல் காம்பு வைத்த வட்டத் தட்டு. தமயந்தி அதைக் குடை என்கிறாள். அதை நன்றாக அமுக்கிவிட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், கீழ்ப் பாத்திரத்தில் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அளவு. ஃபில்டரைத் தட்டினேன். குலுக்கினேன். அரைத்த பொடியும் அரை வேக்காட்டுத் தண்ணீரும் மேடையெல்லாம் ஓடின.

தமயந்தி வாசலில் நின்றபடியே சொன்னாள். "பொடியப் போட்டு லேசா ஒரு தட்டு, அம்புட்டுதான். அமுக்கக் கூடாது. தண்ணிய ஊத்தி மூடிட்டு அங்கிட்டுப் போயிரணும். நீங்க தெறந்து தெறந்து பாத்தா அது எறங்காது."

பார்க்காமல் எப்படித் தெரியும்?

ஜூன் 6, வியாழன்

இன்று இறங்கியது. கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது, மறைப்பானேன். தமயந்தி குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரயில் பெட்டிக்குள் நான் ஏறியதும் முந்திக்கொண்டு "நல்லா இருக்கீங்களா சார்" என்று சிரிக்கிறவனிடம் டிக்கெட் இருக்காது. இது நான் சர்வீஸில் கற்றது. ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

ஃபில்டரை உடனே கழுவி வைத்தேன். அதைப் பார்த்து, "அதுக்குள்ள பொடியக் கொட்டிட்டீகளா?" என்றாள். "வேற என்ன செய்யிறது, சாமிக்குப் படைக்கிறதா?" என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

முன்னேற்றம் இருக்கிறது. பொடி நான்கு கரண்டி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, குமிழ் அடங்கியபின் ஊற்ற வேண்டும். மேல் பாத்திரத்தின் ஓட்டைகள் அடைந்திருந்தன. தீயில் காட்டித் தட்டியதும் திறந்துகொண்டன. பாலை ஒரே ஒரு பொங்கில் இறக்கிவிட வேண்டும். இதையெல்லாம் நானேதான் கண்டுபிடித்தேன். தமயந்தியைக் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அவள் எதையோ மறைக்கிறாள். முப்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் காபி போடுகிறவளுக்கு ஒரு சூட்சுமமாவது இல்லாமலா இருக்கும்? அதிலும் அவள் காபிக்குப் பேர்போன போடிக்காரி. அவளுடைய அப்பா குருநாதன் அங்கே ஒரு காபிக் கடையில் கொட்டை வறுத்தவர். வறுக்கும்போது வருகிற சத்தத்தை வைத்தே பதம் சொல்வாராம். அப்படிப்பட்டவர் மகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பார். என்னிடம் சொல்ல அவளுக்கு மனசில்லை.

மாமனார் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் வந்தார், கல்யாணமான புதிதில். காபி குடித்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. கடையில் வேலை அதிகமாக இருந்திருக்கும்.

ஜூன் 12, புதன்

வந்துவிட்டது! கள்ளிச்சொட்டு மாதிரிக் கெட்டியான டிகாஷன். டபராவில் ஆற்றும்போதே வாசனை கூடம் வரை போயிற்று. நோயாளி என்பதால் அவளுக்கு முதலில் கெட்டியாக ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "வச்சிருங்க, ஆறட்டும்" என்றாள்.

நான் குளித்துவிட்டு வந்தபோது டம்ளர் காலி. கழுவிக் கவிழ்த்திருந்தது. இடது கையால் தலை சீவிக்கொள்ள முடியவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவள், இடது கையால் டம்ளரைக் கழுவுவானேன்?

ஜூன் 13, வியாழன்

கறிவேப்பிலைத் தொட்டியில் காபி வாசனை. குனிந்து மோந்தே பார்த்துவிட்டேன். மண் ஈரமாக இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

ஜூன் 14, வெள்ளி

நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். வித்-அவுட்டில் வருகிறவனை முதல் பார்வையிலேயே பிடித்துவிடக் கூடாது. ஒரு ஸ்டேஷன் விட்டுவைத்தால் தானாகவே கழிவறைப் பக்கம் நகர்வான்.

நகர்ந்தாள். பத்தரை மணிக்கு, "மாடிக்குப் போய் டீச்சர்கிட்டப் பேசிட்டு வாரேன்" என்று கிளம்பினாள். எஸ்தர் டீச்சர் எங்கள் மாடியில் தனியாகக் குடியிருக்கிறவர். பூகோளம் எடுத்து ஓய்வு பெற்றவர். மாவுக்கட்டோடு பதினெட்டுப் படி ஏறிப்போய்ப் பேச அப்படி என்ன இருக்கிறது? பதினொன்றேகாலுக்கு இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது மூச்சில் காபி வாசனை.

ஜூன் 17, திங்கள்

மூன்று நாளும் அதே பத்தரை மணி, அதே வாசனை.

எனக்கு வயிறு எரிகிறது, மறைக்க விரும்பவில்லை. தூக்கம் கெட்டு எழுந்து, விரல் சுட்டுக்கொண்டு, ஒரு மனுஷன் காபி போட்டுக் கொடுத்தால் அது செடிக்கு. மாடிக்குப் போய் வேறொருத்தி கையால் வாங்கிக் குடிப்பது. அங்கே என்னைப் பற்றி என்னவெல்லாம் பேசிச் சிரிக்கிறார்களோ.

சாயங்காலம் படிக்கட்டில் டீச்சரை மடக்கினேன். "ஒங்க வீட்டுக் காபி ரொம்பப் பிரமாதமாமே டீச்சர்?"

அவர் முகம் மாறியது. "எங்க வீட்டுக் காபியா? அவங்க எங்க சார் அதைக் குடிக்கிறாங்க? நான் குடிச்சு முடிச்சப்புறம்..." என்று ஆரம்பித்தவர், "பால் அடுப்புல இருக்கு சார்" என்று படியேறிவிட்டார்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு யாராவது கடைக்குப் போவார்களா? பையில் கத்தரிக்காய் இருந்ததை நான் பார்த்தேன்.

ஜூன் 19, புதன்

இன்று பிடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவள் மேலே போய் இருபது நிமிடம் கழித்து, மேல் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததா என்று பார்க்கிற சாக்கில் செருப்பில்லாமல் ஏறினேன். டீச்சர் வீட்டு அடுப்படி ஜன்னல் படிக்கட்டைப் பார்த்துத்தான் இருக்கும்.

டீச்சர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய காலி டம்ளர் பக்கத்தில் இருந்தது. தமயந்தி தனியாக அடுப்படியில் நின்றாள். இடது கையால் கெட்டிலைத் தூக்கி, டீச்சர் ஏற்கெனவே டிகாஷன் இறக்கி முடித்த அந்தப் பழைய பொடி மேல் வெந்நீரை ஊற்றினாள். மூடினாள். திறந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழ்ப் பாத்திரத்தை எடுத்தாள். அதில் இருந்தது வெளிறிப்போன தேன் நிறத்துத் தண்ணீர். பால் விட்டு, சர்க்கரை போட்டு, அங்கேயே நின்றபடி ஆற அமரக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இந்தப் பதினாறு நாளில் என் காபியை அவள் அப்படி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஜன்னலில் என் நிழல் விழுந்திருக்க வேண்டும். திரும்பினாள்.

"என்ன தமயந்தி இது? சக்கைத் தண்ணி?"

"ரெண்டாவது டிகாஷன்." திருடி அகப்பட்டவள் முகம் இல்லை அது. "மொத டிகாஷன் எனக்கு ஒத்துக்கலங்க. நெஞ்சு கரிக்குது. பழக்கமில்லைல்ல."

"பழக்கமில்லையா?"

"நான் எப்பங்க குடிச்சேன்?"

கூடத்தில் டீச்சர் பேப்பரை மடிக்காமல் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தார்.

"இதைக் கீழேயே கேட்டிருக்கலாமே. நானே போட்டுக் குடுத்திருப்பேனே."

"கேட்டா ஏன்னு கேப்பீக. ஏன்னு நான் சொல்லணும்" என்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.

ஜூன் 20, வியாழன்

காபி போட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

எங்கள் வீட்டில் முதல் டிகாஷன் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். இரண்டாவது பெண்களுக்கு. யாரும் சட்டம் போட்டதில்லை. அம்மா அப்படித்தான் குடித்தாள், அத்தைகள் அப்படித்தான் குடித்தார்கள். ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான். இதில் நான் செய்தது என்ன?

தமயந்தி என் முன்னால் உட்கார்ந்து காபி குடித்ததாக ஞாபகமே இல்லை. எனக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உள்ளே என்ன குடித்தாள் என்று நான் பார்த்ததில்லை. முழு வண்டியில் டிக்கெட் இல்லாத ஒருவனைக் கண்ணைப் பார்த்தே பிடிக்கிறவன் என்று எனக்குப் பெயர்.

ஜூன் 22, சனி

ஜூன் 9-ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு வரி பொய். மாமனார் எங்கள் வீட்டில் காபி குடிக்கவில்லை.

இன்று இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

1986, ரயில்வே காலனிக் குவார்ட்டர்ஸ். கல்யாணமாகி நான்கு மாதம். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். அவர் முதல் பஸ்ஸுக்கு போடியிலிருந்து கிளம்பி வந்தார். மஞ்சள் பையில் ஒரு பொட்டலம், முந்தின நாள் அவரே வறுத்து அரைத்த பொடி. பை வழியாகவே வாசனை வீடு பூராவும் பரவியது. தமயந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவை உட்காரவைத்துவிட்டு ஓடிப்போய் அந்தப் பொடியிலேயே காபி போட்டாள். சின்ன ஃபில்டர். முதல் டிகாஷன் ஒருவருக்குத்தான் கெட்டியாக வரும். அதை அவள் அப்பாவுக்கு ஊற்றினாள். எனக்கு இரண்டாவதில் கலந்து கொண்டுவந்தாள்.

ஒரு வாய் குடித்தேன். "இது என்ன, பாத்திரம் கழுவுன தண்ணியா?" என்று கேட்டேன். எழுந்து போய் முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். அவர் பார்க்கட்டும் என்றுதான் கவிழ்த்தேன். இருபத்தெட்டு வயது, கறுப்புக் கோட்டு வேலை, மாப்பிள்ளை முறுக்கு. இதெல்லாம் சமாதானம் ஆகாது.

அவர் தன் டம்ளரை இன்னும் தொடவில்லை. டபராவோடு எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "கோச்சுக்காதீங்க மாப்ள. சின்னப்புள்ள, தெரியாம மாத்திக் குடுத்துருச்சு. இதக் குடிங்க, நான் இன்னும் வாய் வைக்கல" என்றார்.

நான் வாங்கிக் குடித்தேன்.

நன்றாக இருந்தது. என் ஆயுளில் அந்த மாதிரிக் காபியை அதற்கு முன்பும் குடிக்கவில்லை, பின்பும் குடிக்கவில்லை. இந்த ஒன்றைத்தான் இத்தனை நாள் எழுத முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று எனக்கு முதல் டிகாஷன். பொடியைக் கொட்டாமல் மறுபடி வெந்நீர் விட்டு அவளுக்கு இரண்டாவது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே மூச்சில் முக்கால் டம்ளர் குடித்தாள். அடியில் இருந்ததையும் சுழற்றிக் குடித்தாள்.

"இன்னிக்குத்தான் காபி காபியா இருக்கு" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னாள்.

என்னுடையது ஆறி ஆடை கட்டிப்போயிற்று. கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன்.

ஜூன் 26, புதன்

முதல் டிகாஷனைப் பாத்திரத்தோடு மூடி வைத்துவிட்டு நானும் இரண்டாவதையே குடித்தேன். வாயில் ஒன்றும் நிற்கவில்லை. சர்க்கரை தெரிகிறது, பால் தெரிகிறது, காபி எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் இதை எப்படிக் குடித்தாள்?

அவள் என் டம்ளரை எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன இது, நீங்க இதக் குடிக்கிறீக?"

"சும்மாதான்."

"சும்மாவா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? நேத்து மருந்துக் கடைக்குப் போனீகளே, பிரஷர் பாத்தீகளா? எங்கிட்ட எதை மறைக்கிறீக?"

ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம் கூடியது. நான் குளிக்கப் போனதும் புனேக்குப் போன் போட்டிருக்கிறாள். மதியம் மகன் கூப்பிட்டு, "அப்பா, ஈ.சி.ஜி. எடுத்து எவ்வளவு நாளாச்சு?" என்றான்.

நான் அவளுக்காக ஒரு டம்ளர் அளவுக்கு இறங்கிவந்தால்கூட அதற்கு நோய்தான் காரணமாக இருக்க முடியும் என்று அவளுக்கும் மகனுக்கும் தோன்றியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். அவள் கூடத்தில் டி.வி. பார்த்தபடி மாவுக்கட்டைக் கழுத்துத் தூளியில் சரிசெய்துகொண்டிருந்தாள். எதிரே போய் நின்றுகொண்டு, "ஒங்க அப்பா வந்த அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன். ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு மேல் வரவில்லை.

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. டி.வி.யை அணைத்தாள்.

"அப்பாவ பஸ் ஏத்திவிட நான் போனேன், ஞாபகம் இருக்கா? நீங்க படுத்துட்டீக."

"ம்."

"விடிகாலை கெளம்புன மனுஷன், வெறும் வயிறு. பஸ் ஸ்டாண்டுல பக்கத்துக் கடையில நின்னு டீ வாங்கிக் குடிச்சாரு. போடியில காபி வறுக்குறவரு. அவர் டீ குடிச்சு நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல." மாவுக்கட்டைத் தடவிக்கொண்டாள். "டீக்கடைக்காரன்கிட்ட 'நல்லாருக்குப்பா'ன்னு வேற சொன்னாரு. எனக்கு அழுகை வரக் கூடாதுன்னு."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மொத டிகாஷனப் பாத்தா எனக்கு அந்த டீக்கடை ஞாபகந்தான் வரும். ஒங்களுக்கு ஊத்துறதோட சரி. நான் வாயில வைக்கிறதில்லன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கவிழ்த்தவரு கவிழ்க்கலன்னு ஆயிருமா?"

மாமனார் செத்து இருபத்தோரு வருடம் ஆகிறது. அன்றைக்கு அப்புறம் பதினேழு வருடம் உயிரோடு இருந்தார், மூன்று மணி நேரப் பயணம், எனக்கு ரயில்வே பாஸ் வேறு. ஒரு தடவை போய் உட்கார்ந்து, "மாமா, ஒரு காபி குடிப்போம்" என்று கேட்டிருக்கலாம். கடைக்காரர்கள் சொல்வதுபோல ஸ்டாக் இல்லை இனி.

ஜூலை 4, வியாழன்

அவளுக்கு இரண்டாவது. எனக்கும் இரண்டாவது. முதல் டிகாஷனை டீச்சருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பிரமாதம் சார்" என்றார். பொய்யில்லை, அவர் முகத்தில் டிக்கெட் இருந்தது.

ஜூலை 8, திங்கள்

மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. கை மெலிந்து வெளுத்திருக்கிறது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாளைக்கு நான் போடுறேன்" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன சொன்னாலும் என்னை ஈ.சி.ஜி.க்கு அனுப்பிவிடுவாள்.

ஜூலை 9, செவ்வாய்

ஆறு மணிக்கு எழுந்தபோது அடுப்படியில் பாத்திரச் சத்தம். உள்ளே போகவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை. கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள். இன்னொன்றோடு உள்ளே திரும்பிப் போகாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என்னுடையதைக் குடித்தேன். முதல் டிகாஷன். ஒரு மாதமாக நான் எவ்வளவு தலைகீழாக நின்றும் வராத ருசி. கரண்டிக் கணக்கெல்லாம் எழுதி வைத்த இந்த டைரியை நினைத்து வெட்கமாக இருந்தது.

என் பார்வை அவளுடைய டம்ளருக்குப் போனது. கவனித்துவிட்டாள்.

"என்ன, பரிசோதிக்கணுமா?" டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். அவளுடைய அப்பா நகர்த்திய மாதிரியே, டபராவோடு. "இன்னும் வாய் வைக்கல."

கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்தால் முதலா இரண்டாவதா என்று தெரிந்துவிடும். சர்வீஸில் என் கைக்கு வந்த டிக்கெட் எதையும் பார்க்காமல் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. இதைத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். நெஞ்சைத் தடவிக்கொண்டாள். மறுபடி ஒரு வாய் குடித்தாள்.

"கசக்குது" என்றாள்.

"நெஞ்சு கரிக்கப் போகுது. நாளைக்கு ரெண்டாவதையே ஊத்திக்க."

"அத நீங்க குடிங்க" என்றாள்.

சரி என்றேன்.